தந்தச் சுரூபங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், அந்நகரத்து அரச அரண்மனைக் கோவிலான சாந்த் ஷாப்பேலின் மாதா சுரூபம், அதாவது யானைத் தந்தத்தில் செய்த மரியாள் சிலை, இருக்கிறது. 1260களில் செதுக்கியது, உயரம் 41 சென்டிமீட்டர். அதைப் பார்த்ததும் 'தூய்மையின் வெண்மை' என்று எழுதக் கை துறுதுறுக்கும். இடைக்காலத் தந்த வேலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகமாக வழுக்கி விழுகிற இடம் இதுதான். அந்த மாதாவின் உடை ஓரத்தில் பொன்பூச்சின் தடம் இன்னும் இருக்கிறது. இத்தகைய சுரூபங்களில் தலைமுடிக்குப் பொன், உதட்டுக்குச் சிவப்பு, மேலாடையின் உட்புறத்துக்கு நீலம் என்று பூசுவது வழக்கம். மாதா பிரார்த்தனையில் 'தந்த மயமாயிருக்கிற உப்பரிகையே' என்று சொல்கிறோமே, அந்த அளவுக்குத் தந்தத்தின் நிறத்துக்கும் மதிப்பு இருந்தது உண்மை. அதனால்தான் முகத்தையும் கையையும் பெரும்பாலும் பூசாமல் விட்டார்கள். ஆனால் மொத்தமும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கைபட்டும், கழுவியும், 19ஆம் நூற்றாண்டில் நகல் செய்ய அச்சு வார்ப்பு எடுத்தும் நிறம் போயிற்று. மிச்சமிருக்கும் நிறமெல்லாம் முதலில் பூசியது என்றும் நம்பிவிட வேண்டாம். பிற்காலத்தில் பூசியதும் உண்டு.

அடுத்து, மாதாவின் இடுப்பு வளைவு. 'யானைத் தந்தம் வளைந்தது, அதனால் சிலையும் வளைந்தது' என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது, பாதிதான் சரி. அதே 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அமியான் பேராலயத்தின் தெற்கு வாசலுக்குச் செய்த 'பொன் மாதா' கல்லில் செதுக்கியது. கல்லுக்கு ஏது வளைவு? அவளும் இடுப்பை ஒடித்துத்தான் நிற்கிறாள். அன்றைய பிரெஞ்சுச் சிற்பிகளுக்கு அந்த நிலை பிடித்திருந்தது, தந்தம் அதற்குத் தோதாக அமைந்தது, அவ்வளவுதான்.

வெள்ளையாக, வழவழப்பாக இருப்பதெல்லாம் யானைத் தந்தமும் அல்ல. நியூயார்க் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுச் சிலுவை, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செய்தது. பல துண்டுகளைப் பொருத்திய வேலை அது. இத்தாலியில் 1400ஐ ஒட்டி எம்ப்ரியாக்கி பட்டறை செய்து விற்ற பீட அலங்காரங்களில் பெரும்பகுதி எலும்பு. வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடினால் யானை. உள்பகுதி பளிங்குபோலக் குழம்பித் தெரிந்தால் வால்ரஸ். பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த வடு போகாது. யானை என்றதும் இந்தியாவை நினைப்பதும் நமக்கு இயல்பு. ஆனால் 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகளுக்கு வந்த தந்தம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுடையது.

கீல் வைத்து மடக்கும் இரட்டைப் பலகைகளை டிப்டிக் என்பார்கள். அதை நாம் புத்தகம் படிப்பதுபோல மேலிருந்து பார்க்கத் தொடங்கினால் கதையே புரியாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சுவாசோன் டிப்டிக்கில் இயேசுவின் பாடுகள் கீழ் வரிசையில், யூதாசு காசு வாங்குவதை ஒட்டித் தொடங்கி, உயிர்ப்பை நோக்கி மேலே ஏறுகின்றன. கதை இரண்டு பலகைகளையும் தாண்டி ஓடுகிறது. போட்டோவில் ஒரு பலகையை மட்டும் வெட்டிப் போடுகிறவர்கள் கதையையும் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். இந்த வகைப் பலகைகளில் பல, கையில் பிடித்துச் செபிக்கவும் முத்தமிடவும் செய்தவை. முகம் தேய்ந்திருந்தால் உடனே செதுக்கியவனைக் குறை சொல்லாதீர்கள்.

காலம் கணிப்பதில் கார்பன் சோதனையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தப்பு. அந்தச் சோதனை சொல்வது யானையின் காலத்தை. உளி பட்ட காலத்தை அல்ல. பழைய தந்தத்தில் புதிய வேலை நடந்தது, பழைய வேலையே புதிய பயனுக்கும் போனது. இத்தாலியின் பிரேசியாவில் உள்ள போயத்தியுஸ் டிப்டிக் 487ஆம் ஆண்டு கான்சல் என்ற ரோம உயர் பதவியில் இருந்த ஒருவருக்காகச் செய்தது. சுமார் இரண்டு நூற்றாண்டு கழித்து அதன் உட்புறத்தில் லாசர் உயிர்பெற்று எழும் காட்சியை வரைந்து, திருச்சபையின் பொருளாக்கினார்கள். பேரரசர் மூன்றாம் ஓட்டோவின் நற்செய்தி நூல் அட்டை ஜெர்மன் வேலை, நடுவில் பதித்திருக்கும் தந்தப் பலகையோ பைசாந்தியம் எனும் கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து வந்தது. இப்படி இருக்கும்போது 'எந்த நூற்றாண்டு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் எப்படிக் கிடைக்கும்?

எல்லாவற்றையும் துறவிகள் மடத்தில் உட்கார்ந்து செதுக்கினார்கள் என்பதும் கற்பனை. 1260களில் நகர நிர்வாகி எத்தியேன் புவாலோ தொகுத்த பாரிஸ் தொழில் விதிகளில் சுரூபம் செதுக்குகிறவர்கள், சீப்பு செய்கிறவர்கள், செபமாலை மணி கடைகிறவர்கள் எல்லாரும் தனித்தனிச் சங்கமாக வருகிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்த நகரத்துக் கைவினைஞர்கள் அவர்கள்.

நம் பக்கத்துக் குழப்பம் ஒன்றும் உண்டு. பாறைக் குன்றின்மேல் கன்னத்தில் கை வைத்துத் தூங்கும் தந்தத்து நல்லாயனை, அதாவது ஆட்டிடையனாக இருக்கும் பாலகன் இயேசுவைக், கண்டால் சிலர் 'இடைக்கால ஐரோப்பா' என்று பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டுக் கோவா. பழைய கோவாவில் சாந்தா மோனிகா மடத்திலுள்ள கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கைவினைஞர்களின் தந்த வேலைகளைப் பார்க்கலாம். அவற்றை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்களுக்குப் பாரிஸ் வேலையோடு குழப்பம் வராது.