ஒரே போன், ஒரே பிரவுசர்: விளம்பரம் விஷயத்தில் செய்யும் தவறுகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் அம்மா, பிள்ளைகள், தாத்தா எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன்தான். மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பற்றி அக்கா எதையாவது தேடியிருப்பாள். சாயங்காலம் ஸ்கோர் பார்க்க அதே போனை எடுக்கும் தம்பி முன்னால் கர்ப்பப் பரிசோதனை கிட் விளம்பரம் வந்து நிற்கும். தன் உடம்பைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை. அது வீட்டில் விசாரணையாக மாறக் கூடாது.

ஹிஸ்டரியை அழித்தால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். பிரவுசரில் இருக்கும் பட்டியல் போய்விடும், சரி. ஆனால் கூகுள் கணக்கில் லாகின் ஆகியிருந்தால், தேடியது 'மை ஆக்டிவிட்டி'யில் தனியாகப் பதிவாகியிருக்கலாம். அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

இன்காக்னிட்டோவை, அதாவது ஹிஸ்டரியைச் சேர்த்து வைக்காத தனி பிரவுசர் ஜன்னலை, நம்புவதும் இப்படித்தான். ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரியும், உங்களை அடையாளம் காண தளங்கள் பிரவுசரில் வைக்கும் சின்னப் பதிவான குக்கீயும் போகும். வீட்டில் இருப்பவர்களிடமிருந்து மறைக்க அது உதவும். நீங்கள் திறந்த தளத்துக்கும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் உங்கள் வருகை தெரியத்தான் செய்யும். இன்காக்னிட்டோ தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், சேர்த்து வைத்த ஏராளமான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

அப்புறம், செட்டிங்ஸைத் தொடாமலே விடுவது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி, நீங்கள் திறந்த தளம் அல்லாமல் வேறொரு நிறுவனம் வைக்கும் தேர்ட் பார்ட்டி குக்கீயை 2020 முதலே தானாகத் தடுக்கிறது. ஒரு தளத்தில் பார்த்ததை இன்னொரு தளத்தில் விளம்பரமாகக் காட்ட உதவுவது பெரும்பாலும் இந்தக் குக்கீதான். குரோமில் நீங்களே போய் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் அதை பிளாக் செய்ய வேண்டும். கூகுள் கணக்கின் 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் உங்களைக் குறிவைக்கும் விளம்பரத்தை மொத்தமாகவே நிறுத்தலாம். கர்ப்பம், சூதாட்டம், மது, எடைக் குறைப்பு போன்ற தலைப்புகளை மட்டும் குறைக்கவும் அங்கே வழி இருக்கிறது. பகிர்ந்து பயன்படுத்தும் போனில் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

தெரியாத தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டால் 'அலோ' கொடுக்காதீர்கள்; அந்த வழியாகவும் விளம்பரம் வரலாம்.

பிரவுசிங் சென்டரில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், அவசரத்தில் ஜிமெயிலை லாக் அவுட் செய்யாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். அடுத்து உட்காருபவர் உங்கள் மெயிலைப் படிக்கலாம், அவர் தேடுவதும் உங்கள் கணக்கிலேயே சேரும். மறந்துவிட்டால் பதற வேண்டாம். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதிக்குள் 'யுவர் டிவைசஸ்' இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து உங்கள் போனிலிருந்தே வெளியேறலாம். உடனே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.