தம் அடிக்காமலே கூட்டத்தில் நிற்பது எப்படி?

"ஒரே ஒரு இழுப்பு மச்சி, செத்தா போயிடுவ?" பள்ளிக்கூட வயதில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ருசிக்காக யாரும் தொடங்குவதில்லை, முதல் இழுப்பில் இருமலும் தலைசுற்றலும்தான் மிச்சம். கூட்டத்திலிருந்து கழற்றி விட்டுவிடுவார்களோ என்கிற பயம்தான் அடுத்ததையும் இழுக்க வைக்கிறது. அதனால் வேண்டாம் என்று சொல்வதை விட, சொன்ன பிறகும் அங்கேயே சாதாரணமாக நிற்பதுதான் பழக வேண்டிய வேலை.

முதலில், காரணம் சொல்லாதீர்கள். நான் "தொண்டை சரியில்லை" என்று சொல்லி மாட்டிக்கொண்டவன். அடுத்த வாரமே "தொண்டை சரியாயிடுச்சா?" என்று கேட்டுப் பாக்கெட்டை நீட்டினார்கள். காரணம் ஒன்றைச் சொன்னால் அதை உடைக்க நாலு பேர் வருவார்கள். "வேண்டாம்டா, பிடிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மறுபடி கேட்டாலும் அதே பதில்தான், அதே குரலில். புற்றுநோய் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம், அப்படிச் செய்தால் அன்றைக்குக் கிண்டலுக்கு நீங்கள்தான் ஆள்.

கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். வெறுங்கையைப் பார்த்துத்தான் நீட்டுகிறார்கள். அப்புறம், "ஷூ லேஸ் கட்டிக்கிறேன், இதைக் கொஞ்சம் பிடி" என்று பாதி எரிந்த சிகரெட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விரலிடுக்கில் சாம்பல் நீண்டுகொண்டே போகும், எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள், அது வாய்க்குப் போக அரை நொடி போதும்.

கூட்டத்தில் இழுக்காத இன்னொருவர் அநேகமாக இருப்பார், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு பேர் மறுத்தால் அது சாதாரண விஷயமாகிவிடும். ரொம்ப வற்புறுத்துகிறவனிடம் தனியாக இருக்கும்போது பேசுங்கள், நாலு பேர் முன்னால் காட்டும் கெத்து அங்கே இருக்காது.

ஏற்கெனவே பழகிவிட்டதா? சரி, அதற்கும் வழி உண்டு. இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது, 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதற்குச் சீக்கிரம் அடிமையாகிறது. "தம் அடிச்சா டென்ஷன் குறையுது" என்பார்கள். பெரும்பாலும், போன தம்மின் நிகோடின் இறங்கியதால் வந்த டென்ஷன்தான் அது. பழ வாசனை வரும் 'வேப்' (vape) என்கிற மின் சிகரெட்டிலும் பெரும்பாலும் இதே நிகோடின்தான். நிறுத்தினால் முதல் மூன்று நாள் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், பிறகு சில வாரங்களில் மெல்லத் தணியும். இழுக்கத் தோன்றும் வேகம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான், அதற்குள் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

அந்த நாட்களில் கூட்டத்துக்குப் போவதை நிறுத்த வேண்டாம், பத்து நிமிடம் தாமதமாகப் போங்கள். பாக்கெட்டைச் சுற்றி விடுகிற நேரம் முடிந்திருக்கும், அரட்டை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும்.