பழைய சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறீர்களா? முதலில் அலாரம் வையுங்கள்

என் வண்டிக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'மண்டியிட்ட யானை'. வாங்கும்போதே பதினான்கு வயதான இறக்குமதி வண்டி அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தோல் இருக்கையில் உட்கார்ந்ததும் புத்தி போய்விட்டது. அன்றே பணம் கொடுத்துக் குன்னூருக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் காலை வாசலில் பார்த்தால், இடது பின்மூலை தரையை நோக்கி இறங்கிக் கிடந்தது.

படி 1: காகிதங்கள்

ஆர்.சி., காப்பீடு, கடன் நிலுவை பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு உறைக்காதது புதுப்பிப்புக் கட்டணம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கு உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி வண்டிக்கு 40,000 ரூபாய். வாங்கிய அடுத்த ஆண்டே கட்டினேன்.

படி 2: விடியற்காலையில் போங்கள்

முந்தின இரவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வரும்வரை கதவைக்கூடத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில வண்டிகளில் கதவு திறந்தாலே ஏர் சஸ்பென்ஷன் (காற்றால் வண்டியைத் தாங்கும் அமைப்பு) விழித்துக்கொண்டு உடம்பைத் தூக்கிவிடும். போனதும் டேப்பை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே இருக்கும் வளைவின் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் விரற்கடைக்கு மேல் வேறுபட்டால் காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

இந்தச் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை இருக்கும். வயதானால் மடிப்பில் வெடிப்பு விடும். கசிவை ஈடுகட்ட, காற்றை அடைக்கும் கம்பரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். நான் கம்பரசரை மட்டும் மாற்றினேன். பை அப்படியே கசிந்தது. இரட்டைச் செலவு. கசிவைக் கண்டுபிடிக்க சோப்பு நீர் தெளித்துக் குமிழி பார்ப்பதே போதும். மலிவான ஸ்கேனரை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது எஞ்சின் பிழைகளை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷனுக்கு அந்த நிறுவன வண்டிகளுக்கான கருவியே வேண்டும்.

அதே காலையில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது. ஊட்டி உறைபனியில் முதலில் வெள்ளை ஆவி வருவது இயல்புதான். எஞ்சின் சூடேறிய பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளையாகவே வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரியும் அறைக்குள் போகிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

படி 3: குன்னூரிலிருந்து மலையடிவாரக் கல்லாறு வரை இறங்கி ஏறுங்கள்

இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள். அப்படி வந்தும் பிரேக் தீய்ந்த வாசனை வந்தால், பிரேக் வேலைக்கும் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள்.

படி 4: டயர்

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒரே அளவு, ஒரே தேய்மானம் வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு வேறுபட்டு, நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் உழைக்கும்.

பின்சேர்க்கை: ஜாக்கி வைத்து சோப்பு நீர் அடித்தபோது வண்டி இறங்கியதாகக் கூடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் சஸ்பென்ஷனை முடக்கி, வண்டியின் உடலுக்குக் கீழே ஸ்டாண்டுகளைத் தாங்கலாக வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டணம் மீண்டும் கூடியது. இறக்குமதிக்கு 80,000 ரூபாய். என் யானைக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.