"அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடுவதுதான் பெரிய தவறு

காலேஜ் படிக்கிற வயதில் காண்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. தெரிந்தும் ஏன் விட்டுவிடுகிறார்கள்? இதைப் பற்றி வந்த ஏராளமான ஆய்வுகளைச் சில உளவியலாளர்கள் 1999-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு எவ்வளவு விஷயம் தெரியும், அவர் குணம் எப்படி என்பதை வைத்துப் பெரிதாக எதையும் கணிக்க முடியவில்லை. முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருக்கிறாரா, துணையிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா என்ற இரண்டும்தான் ஓரளவு சரியாகச் சொல்லின.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அந்த நேரத்தில் நிதானமாகத்தான் இருப்பேன்" என்று நம்புவது அடுத்த தவறு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களிடம் ஒரே கேள்விகளைச் சாதாரண மனநிலையிலும், கிளர்ச்சியான மனநிலையிலும் கேட்டார்கள் (2006-இல் வெளியான ஆய்வு). நிதானத்தில் "கண்டிப்பாகப் போடுவேன்" என்கிற பக்கம் நின்றவர்கள், மற்ற நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து நன்றாகவே நழுவினார்கள். ஆக, அந்த நேரத்து உங்களை நம்பி முடிவை ஒத்திப்போடாதீர்கள். காலையில் டீ குடிக்கும்போதே பேசி வையுங்கள்: வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் யார் வாங்குவது, இல்லாவிட்டால் என்ன செய்வது. "இல்லாவிட்டால் இன்றைக்கு இல்லை" என்பதும் நல்ல பதில்தான். இருவரில் ஒருவருக்கு மனமில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. இருவருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், முதலாமாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், அங்கே போக்சோ சட்டம் வரும், சம்மதம் என்ற பேச்சு எடுபடாது.

இப்போது நம்பிக்கை என்கிற விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் ஒழுங்காகப் போடுபவர்கள்கூட உறவு கொஞ்சம் நிலைத்ததும் நிறுத்திவிடுவார்கள், "இன்னும் என்மேல் சந்தேகமா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே பல பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கிளமிடியா போன்ற பாலியல் தொற்று பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் இருக்கும், அது இருக்கிறவருக்கே தெரியாது, அதனால் இதில் சந்தேகத்துக்கு வேலையே இல்லை. நிறுத்த ஆசையா? முதலில் இருவரும் டெஸ்ட் எடுங்கள், வேறு கருத்தடைக்கு டாக்டரைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

"வெளியே எடுத்துவிட்டால் போதும்" என்பதை நம்பி ஓராண்டு ஓட்டுகிற ஜோடிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கரு தங்கும். "சேஃப் டேஸ்" (கரு தங்காது என்று நம்பும் நாட்கள்) கணக்கும் அப்படித்தான். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், மாதவிடாயோ தேர்வுக் காலத்தில் தள்ளிப்போகலாம்.

காண்டம் போட்டும் சொதப்புகிறவர்கள் உண்டு. பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து நசுக்குவது, இரண்டைச் சேர்த்துப் போடுவது, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது (எண்ணெய் பட்டால் காண்டத்தின் லேடெக்ஸ் ரப்பர் பலவீனமாகிக் கிழியலாம்), பாதியில் போடுவது. வாங்கக் கூச்சமாக இருந்தால் அரசு ஆஸ்பத்திரிகளில் நிரோத் இலவசமாகக் கிடைக்கும்.

தப்பு நடந்த பிறகு செய்யும் தவறுகள்தான் இன்னும் மோசம், ஏனென்றால் பயத்தில் நாட்கள் ஓடிவிடும். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். அது கருவைக் கலைப்பதில்லை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. நோய்த் தொற்றையும் தடுக்காது. 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்கிற இந்த மாத்திரைக்குச் சட்டப்படி மருந்துச் சீட்டு தேவையில்லை, ஆனால் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்களில் அதை வைத்திருப்பதே இல்லை. "அப்புறம் வாங்கிக்கலாம்" என்ற திட்டம் இங்கே அடிக்கடி கவிழ்வது இதனால்தான். ஒரு கடையில் இல்லையென்றால் அலையாமல் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதற்கும் 72 மணி நேரம்தான் கெடு. அரசு மருத்துவமனையில் கேட்டால் 28 நாள் தடுப்பு மருந்து பற்றிச் சொல்வார்கள். மறுநாளே டெஸ்ட் எடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடாதீர்கள், தொற்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், 3 மாதம் கழித்து மறுபடி எடுங்கள். நம்பிக்கை மையங்களில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கேள்வி மட்டும் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு போன் போடலாம்.

நாள் தள்ளிப்போனால் பப்பாளி, எள், யாரோ சொன்ன மாத்திரை என்று இறங்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. 18 முடிந்த பெண்ணுக்குக் கருக்கலைப்புக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், வீட்டார் கையெழுத்து வேண்டாம். சில பெண்களுக்குக் கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் 24 வார வரம்பிலிருந்து திருமணமாகாதவர்களை விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மறுக்கிற டாக்டர் இருந்தால் அடுத்த டாக்டரிடம் போங்கள்.