ஜிபியைப் பார்த்து கிராபிக்ஸ் காட் வாங்காதீர்கள்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சாமத்திய வீட்டுக்கு வீடியோ எடுத்தால், 4கே என்று சொல்லித்தான் பென்ட்ரைவைத் தருகிறார்கள். புது டிவியில் செருகினால் ஓடுகிறது. வீட்டில் இருக்கும் பழைய கொம்பியூட்டரில் போட்டால் சத்தம் முன்னுக்குப் போகிறது, படம் திக்கித் திக்கிப் பின்னால் வருகிறது. “ஒரு காட் போட்டால் சரி” என்று யாராவது சொல்வார்கள். எந்தக் காட் என்பதில்தான் காசு வீணாகிறது.

பெரும்பாலானோர் காட்டின் நினைவகத்தைப் பற்றித்தான், “எத்தனை ஜிபி?” என்று கேட்கிறார்கள். வீடியோ ஓடுவதற்கும் அந்த ஜிபிக்கும் பெரிய தொடர்பில்லை. களஞ்சியம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நெல் குற்ற மில்தான் வேண்டும். சுருக்கி வைத்த வீடியோவை விரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு டிகோடர் இருக்கிறது. 4கேயைவிடச் சிறிய 1080பி என்றாலே ஒவ்வொரு பிரேமிலும் சுமார் 20 லட்சம் புள்ளிகள், அதுவும் செக்கனுக்கு 25 தடவை. அந்த டிகோடருக்குத் தெரிந்த வடிவம் என்றால் கொம்பியூட்டரின் முதன்மைச் சிப்பான சிபியு சும்மா இருக்கும். தெரியாத வடிவம் வந்தால் முழுச் சுமையும் சிபியுவின் தலையில்.

வீடியோவைச் சுருக்கும் அந்த வடிவங்களில் எச்.264 2003இல் வந்தது, எச்.265 2013இல், ஏவி1 2018இல். என்விடியா நிறுவனத்தின் ஜிடி 710 காட்டில் 2ஜிபி இருந்தாலும் எச்.265க்கு டிகோடர் கிடையாது. ஜிடி 1030இல் உண்டு, ஆனால் ஏவி1 இல்லை. என்விடியாவில் ஏவி1 டிகோடர் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான். இன்னொரு நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் அது உண்டு என்று நம்பி, விலை குறைந்த ஆர்எக்ஸ் 6400ஐ வாங்கினால் ஏமாற்றம்தான். அதில் அதை எடுத்துவிட்டார்கள்.

காட்டே தேவைப்படாத வீடுகளும் உண்டு. சிபியு இன்டெல் கோர் ஐ வரிசையின் 7ஆம் தலைமுறை என்றால், நிறத்தை நுணுக்கமாக வைக்கும் 10 பிட் எச்.265ஐ உள்ளே இருக்கும் கிராபிக்ஸே பார்த்துக்கொள்ளும்; 11ஆம் தலைமுறை ஏவி1ஐயும் பார்க்கும். சிபியுவின் மொடல் எண் எஃப் என்று முடிந்தால் அந்த கிராபிக்ஸ் இருக்காது.

விண்டோஸை புதிதாகப் போட்டபின், காட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போட மறப்பது இன்னொரு தவறு. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் எவ்வளவு நல்ல காட்டிலும் அந்த டிகோடர் வேலை செய்யாது. டிரைவர் சரியென்றால் வீடியோவை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்து ‘வீடியோ டிகோட்’ கோடு எழும்புகிறதா என்று பாருங்கள். அது தரையிலேயே கிடந்து சிபியு மட்டும் நூறைத் தொட்டால், விடை கிடைத்துவிட்டது: டிகோடர் வேலை செய்யவில்லை.

யூடியூப்பில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நெட்டின் குறை. அதற்காகக் காட்டை மாற்றப் போகாதீர்கள்.

அப்புறம், சில கமராக்கள் நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் 4:2:2 10 பிட்டில் பதிகின்றன. என்விடியாவில் அதை விரிக்கும் டிகோடர் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஒரு கொண்டாட்ட வீடியோ பார்க்க அவ்வளவு செலவு எதற்கு? எச்.264இல் ஒரு 1080பி பிரதி தரச்சொல்லி வீடியோ எடுத்தவரிடமே கேளுங்கள். அந்தப் பழைய கொம்பியூட்டரிலேயே ஓடும்.