கடலுக்கு ஓடிவிடுவான் என்று கட்டிப்போடாதீர்கள்

தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீட்டில் ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் மற்றப் பிள்ளைகள் மாதிரி வராத வளர்ச்சி நிலை) உள்ள ஏழு வயதுப் பையனின் கணுக்காலில் வலைக்கயிறு. மறுமுனை திண்ணைத் தூணில். அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார், இவர் கருவாடு காயப்போட வேண்டும், தண்ணீர் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. "அவுத்து விட்டா நேரா தண்ணிக்குள்ளதான் போறான் டீச்சர்" என்றார்.

பயம் நியாயமானது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு, ஆழம் தெரியாமல் இறங்கிவிடுவார்கள். ஆனால் கயிறு அந்த ஈர்ப்பைக் குறைப்பதில்லை. அவிழ்த்த நொடியில் இன்னும் வேகமாக ஓடத்தான் வைக்கும். முற்றத்துக்குப் பனைமட்டை வேலி, வாசல் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், காலில் சத்தம் கேட்கிற கொலுசு (பையனாக இருந்தால் என்ன, போடுங்கள்), பக்கத்து வீடுகளுக்கும் கரையில் வலை பின்னுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்புறம், தினமும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போய் கால் நனைக்க விடுங்கள். கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத் திருட்டுத்தனமாக ஓட வேண்டிய அவசரம் குறையும். இதற்காகப் பிள்ளையைத் தனியே உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதும் கட்டிப்போடுவது மாதிரிதான். அடுப்பிலிருந்து தீப்பிடித்தால் என்ன செய்யும்?

தீ என்றதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ பிள்ளையைக் கூட்டிப்போவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். கட்டிப்போட்டால்தான் குணமாகும் என்று யாராவது சொன்னால் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, பிடிக்கவே கூடாதா? ரோட்டுக்கு ஓடுகிற, தலையைச் சுவரில் மோதுகிற பிள்ளையைப் பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்கும் விதத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து குப்புறப் படுக்கவைத்து முதுகில் முட்டி போட்டு அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு விட நெஞ்சு விரிய வேண்டும். மேலே ஆள் பாரம் இருந்தால் விரியாது. பிள்ளை திமிறுவது மூர்க்கத்தால் மட்டுமல்ல, மூச்சுக்காகவும் இருக்கலாம். "அடங்கிட்டான்" என்று நாம் நிம்மதியாகிற நிமிடத்தில் மூச்சு நின்றிருக்கலாம். கழுத்து, நெஞ்சு, முதுகு, வயிறு எதிலும் அழுத்தம் கூடாது. உட்கார்ந்த நிலையில், முகம் தெரிகிற மாதிரி, ஆபத்து விலகும் வரை மட்டும். உதடு நீலம் பாய்ந்தால் உடனே விட்டுவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்த பிள்ளையைப் பிடித்து அமுக்கவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருக்கிற கூர்மையான பொருட்களை நகர்த்தினால் போதும்.

பிடித்துக்கொண்டே உபதேசம் செய்வதும் வீண். அந்த நேரத்தில் எந்த வார்த்தையும் உள்ளே போகாது.

பள்ளிக்கூட விஷயத்தில் நம்முடைய தவறு வேறு மாதிரி. "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க" என்று நாமே வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருகிறோம். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது அனுமதிச்சீட்டு. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் அடிப்பதற்கு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் தடை இருக்கிறது. நாற்காலியில் துப்பட்டாவால் கட்டி உட்காரவைப்பதை "சும்மா பத்து நிமிஷம்தான்" என்பார்கள். மாலையில் போய், "இன்னைக்குச் சேட்டை பண்ணினானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது, யார் பிடித்தது, எப்படி, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். கையில் தடம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பள்ளியோடு பகை வேண்டாமே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பேச வராத பிள்ளைக்கு நீங்கள் கேட்பது ஒன்றுதான் வாய். கேட்டும் நடக்கவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

தூங்கவைக்கட்டும் என்று இருமல் மருந்தையோ வேறு பிள்ளைக்கு எழுதின மாத்திரையையோ கொடுப்பது அறவே கூடாது.

அந்த ஏழு வயதுப் பையனின் அம்மாவிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். மூர்க்கம் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, அதற்கப்புறம் அவர் செய்தது, இந்த மூன்றுதான் எழுத வேண்டும். எழுத்து அவ்வளவு வராது என்று புள்ளி, கோடு, வட்டம் போட்டு வைத்திருந்தார். இரண்டு வாரத்தில் தெரிந்தது: அவன் கடித்துக் கீறின நாட்களில் பெரும்பாலானவை அவனுக்கு மலச்சிக்கல் இருந்த நாட்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை பல்லால் சொல்லியிருக்கிறான். இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போகிறபோது அந்த நோட்டையும் எடுத்துப்போகச் சொன்னேன்.