ஜாங்கோவில் சொந்தமாக ஒரு மிடில்வேர் எழுதுவது எப்படி?

ஜாங்கோ என்பது பைத்தானில் இணையதளம் கட்டும் கருவித்தொகுப்பு; பிரவுசர் கேட்பது ரிக்வெஸ்ட், தளம் திருப்பி அனுப்புவது ரெஸ்பான்ஸ், ஒரு பக்கத்துக்கான ரெஸ்பான்ஸைத் தயாரிக்கும் ஃபங்ஷன் வியூ. ஒரே நாலு வரியை எல்லா வியூவிலும் ஒட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றால், அந்த வரிகள் இருக்க வேண்டிய இடம் மிடில்வேர், அதாவது எல்லா வியூவுக்கும் முன்னும் பின்னும் ஓடும் அடுக்கு. எந்தப் பக்கம் மெதுவாக வருகிறது என்று அளப்பது, பராமரிப்பு நேரத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவிப்பைக் காட்டுவது, லாகில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவுகளில்) தேட வசதியாக ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓர் எண் கொடுப்பது, இந்த மாதிரி வேலைகள். இரண்டே வியூவுக்குத்தான் தேவை என்றால் டெக்கரேட்டர் (குறிப்பிட்ட ஃபங்ஷனின் மேல் மட்டும் சுற்றும் உறை) போதும், இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்.

நேரம் அளப்பதையே எழுதிப் பார்ப்போம். உங்கள் ஆப் ஃபோல்டரில் மிடில்வேர் என்ற பெயரில் ஒரு பைத்தான் கோப்பு. அதில் ஒரு ஃபங்ஷன், அது கெட்-ரெஸ்பான்ஸ் (get_response, அடுத்த மிடில்வேரையோ வியூவையோ கூப்பிடும் வழி) என்ற ஒரே ஒரு பாராமீட்டரை வாங்கும், உள்ளே இன்னொரு ஃபங்ஷனை வரையறுத்து அதைத் திருப்பிக் கொடுக்கும். உள் ஃபங்ஷன் வாங்குவது ரிக்வெஸ்ட். அதன் முதல் வரியில் பெர்ஃப்-கவுண்டரை (பைத்தானின் time.perf_counter) கூப்பிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் (சாதாரண டைம் வேண்டாம், சர்வரின் கடிகாரம் நடுவில் திருத்தப்பட்டால் கணக்கு தப்பும்). அடுத்த வரியில் கெட்-ரெஸ்பான்ஸிடம் ரிக்வெஸ்ட்டைக் கொடுத்து ரெஸ்பான்ஸை வாங்குங்கள். பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்து, லாகில் எழுதி, கடைசியில் ரெஸ்பான்ஸை ரிட்டர்ன் செய்யுங்கள். அந்தக் கடைசி ரிட்டர்னை மறந்தால் மேலே இருக்கும் மிடில்வேர் கையில் நன் (None, பைத்தானில் ‘ஒன்றுமில்லை’) வந்து சேரும், பிழைச்செய்தியும் உங்கள் கோப்பைக் காட்டாமல் வேறு எங்கேயோ காட்டும்.

வெளி ஃபங்ஷன் சர்வர் கிளம்பும்போது ஒரு தடவைதான் ஓடும், உள் ஃபங்ஷன் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடும். கிளாஸாக எழுதினால் டண்டர் இனிட் (__init__) முதலாவது போல ஒரு தடவை ஓடும், டண்டர் கால் (__call__) இரண்டாவது போல ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடும். அதனால் கிளாஸ் என்றால் ஒரே ஆப்ஜெக்ட்தான் எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் வேலை செய்கிறது. ஆரம்ப நேரத்தை செல்ஃபில் (self, அந்த ஆப்ஜெக்ட்டிலேயே) வைத்தீர்களோ, இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒன்றாக வரும்போது ஒருவர் நேரம் இன்னொருவர் கணக்கில் விழும். உங்கள் லேப்டாப்பில் ஒரு ஆளாகச் சோதிக்கும்போது இது கண்ணிலேயே படாது. லோக்கல் வேரியபிளில் வையுங்கள், வியூவுக்கும் தெரிய வேண்டும் என்றால் ரிக்வெஸ்ட்டின் மேல் ஒரு அட்ரிபியூட்டாக வையுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸ் கோப்பில் மிடில்வேர் பட்டியலில் அதன் முழுப் பாதையைச் சேர்க்க வேண்டும். மிடில்வேர்-கிளாசஸ் என்ற பெயரில் பட்டியல் போடச் சொல்லும் பாடம் கிடைத்தால் மூடிவிடுங்கள், 2016-இல் வந்த 1.10 பதிப்பிலேயே முறை மாறிவிட்டது, 2.0-இல் பழையதை எடுத்தே விட்டார்கள்.

பட்டியலில் எங்கே சேர்ப்பது என்பதுதான் பாதி வேலை. ஜாங்கோ ஆவணம் வெங்காயத்தை உதாரணம் காட்டுகிறது: ரிக்வெஸ்ட் மேலிருந்து கீழே தோல் தோலாக உள்ளே போகும், ரெஸ்பான்ஸ் கீழிருந்து மேலே அதே தோல்கள் வழியாகத் திரும்பும். நம் கடிகாரத்தை உச்சியில் வைத்தால் மற்ற மிடில்வேர்களின் நேரமும் சேர்ந்து வரும், அடியில் வைத்தால் கிட்டத்தட்ட வியூவின் நேரம் மட்டும். பராமரிப்பு அறிவிப்பு என்றால், கெட்-ரெஸ்பான்ஸைக் கூப்பிடாமலே 503 ரெஸ்பான்ஸைத் திருப்பிவிடலாம், கீழே இருப்பவர்களுக்கு அந்த ரிக்வெஸ்ட் வந்ததே தெரியாது. ஆனால் ஊழியர்களை மட்டும் உள்ளே விட வேண்டும் என்றால் ரிக்வெஸ்ட்டில் யூசர் இருந்தாக வேண்டும், அதாவது ஆதென்டிகேஷன் மிடில்வேருக்குக் கீழே வைக்க வேண்டும் (அதுவே செஷன் மிடில்வேருக்கு, அதாவது வந்தவர் யார் என்பதை நினைவில் வைக்கும் மிடில்வேருக்கு, கீழேதான் இருக்க முடியும்). லாகின் பக்கத்தின் பாதைக்கு விலக்கு கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஊழியர்களும் வாசலிலேயே நிற்பார்கள்.

யூசரைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். நீங்கள் தொடும் வரை ஜாங்கோ அதை டேட்டாபேஸிலிருந்து எடுப்பதில்லை, தொட்டால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அந்தச் செலவு. யூசரைத் தொடும்போது செஷனும் படிக்கப்படுவதால், ரெஸ்பான்ஸில் வேரி ஹெடரில் (எதைப் பொறுத்து பக்கம் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் குறிப்பு) குக்கியும் சேர்ந்துவிடும், எல்லோருக்கும் பொதுவாக கேஷ் ஆக வேண்டிய பக்கம் ஆளுக்கொன்றாகப் பிரியும்.

நிறையப் பேர் இடறும் இடம் இன்னொன்று. வியூவில் வெடிக்கும் பிழையைப் பிடிக்கலாம் என்று கெட்-ரெஸ்பான்ஸைச் சுற்றி ட்ரை-எக்ஸெப்ட் போடுவார்கள், அதில் எதுவும் சிக்காது. ஒவ்வொரு தோலுக்கும் நடுவில் ஜாங்கோ பிழையை ரெஸ்பான்ஸாக மாற்றிவிடுவதால், உங்களிடம் வந்து சேர்வது 404 அல்லது 500 ரெஸ்பான்ஸ்தான். பிழையே கையில் வேண்டும் என்றால் கிளாஸாக எழுதி பிராசஸ்-எக்ஸெப்ஷன் என்ற மெத்தடைச் சேருங்கள். அது நன் திருப்பினால் வழக்கமான பாதை தொடரும், லாகில் எழுத மட்டும் வேண்டும் என்றால் அதுவே போதும்.

ரெஸ்பான்ஸின் உள்ளடக்கத்தை மாற்றுவது என் கணக்கில் கடைசி வழி. செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஸ்ட்ரீமிங்கா (துண்டு துண்டாக அனுப்பப்படுவதா) என்று பாருங்கள், ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸில் கன்டென்ட் என்ற அட்ரிபியூட்டே கிடையாது. ஜாங்கோவுடனே வரும் காமன் மிடில்வேருக்கு மேலே வைத்து மாற்றினால் இன்னொரு வம்பு, அது ஏற்கெனவே நீளத்தை எண்ணி ஹெடரில் எழுதியிருக்கும், நீங்கள் கூடுதலாகச் சேர்த்த வரிகள் பிரவுசருக்குப் போய்ச் சேராது. அதற்குக் கீழே வையுங்கள்.

மிடில்வேருக்கு ஏசிங்க் (async, ஒன்று முடியக் காத்திராமல் மற்றதையும் ஓட்டும் முறை) ஆதரவு ஜாங்கோ 3.1-இல் வந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் உங்கள் மிடில்வேரை சிங்க் (sync, வழக்கமான ஒன்றன்பின் ஒன்று முறை) என்றே ஜாங்கோ எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் த்ரெட்டில் ஓட்டும். வேலை நடக்கும், கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான்.

சோதிக்க முழுத் தளத்தையும் ஓட்டத் தேவையில்லை. ஒரு வெற்று ரெஸ்பான்ஸைத் திருப்பும் லாம்ப்டாவை (ஒரு வரி ஃபங்ஷன்) கெட்-ரெஸ்பான்ஸ் இடத்தில் கொடுங்கள், ரிக்வெஸ்ட் ஃபேக்டரியில் (சோதனைக்காகப் போலி ரிக்வெஸ்ட் செய்ய ஜாங்கோ தரும் கருவி) ஒரு ரிக்வெஸ்ட் செய்து உள்ளே அனுப்புங்கள், வருவதைப் பாருங்கள். பட்டியலில் வைத்த இடம் சரியா என்பது மட்டும் இதில் தெரியாது, அதற்கு டெஸ்ட் கிளையன்ட் (எல்லா மிடில்வேர்களையும் கடந்து தளத்தைக் கூப்பிடும் ஜாங்கோ கருவி) வழியாக ஒரு நிஜப் பக்கத்தைக் கூப்பிடும் சோதனை ஒன்றும் சேர்த்து வையுங்கள்.